ஒரே சோடி ஸ்கீ, இரண்டு வேலை: லிப்டுக்கும் மலையேற்றத்துக்கும் எதைப் பார்த்து வாங்குவது?

என் தங்கையின் மகன் சுவிஸில், பேர்ண் நகரில் பிறந்து வளர்ந்தவன். ஓகஸ்ட் விடுமுறைக்குக் கொழும்பு வந்திருந்தபோது, வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கைபேசியை என் பக்கம் திருப்பி வைத்தான். திரையில் பச்சை நிறத்தில் ஒரு சோடி ஸ்கீ, அதாவது பனியில் சறுக்கக் காலில் பூட்டும் நீளப் பலகைகள். "மாமா, லிப்டிலை போய்ச் சறுக்கவும் வேணும், லிப்ட் இல்லாத மலையிலை நடந்து ஏறிச் சறுக்கவும் வேணும். ரெண்டுக்கும் இந்த ஒரு சோடி காணாதோ?"

காணும். ஆனால் அவன் தொடங்கிய இடம் பிழை. ஸ்கீயின் படத்தைப் பார்த்துத் தொடங்கினால் கடைசியில் காலுக்கும் பொருந்தாது, காசுக்கும் பொருந்தாது. நான் பதினொரு குளிர்காலம் சுவிஸ் மலைக் கிராமம் ஒன்றில், ஸ்கீ வாடகைக் கடையின் பட்டறையில் நின்றவன். விளிம்பு தீட்டுவது, மெழுகு பூசுவது, சப்பாத்தை ஸ்கீயோடு பிடித்துவைக்கும் பைண்டிங்கைப் பூட்டுவதுதான் வேலை. கொழும்புக்குத் திரும்பிய பிறகும் இதே கேள்வி வருகிறது. ஐரோப்பாவிலும் கனடாவிலும் உள்ள உறவுப் பிள்ளைகள் கேட்கிறார்கள். டெல்லி, ஸ்ரீநகர் வழியாகக் காஷ்மீரின் ஸ்கீத் தலமான குல்மார்க் போக ஆசைப்படும் இங்கத்தைய இளையவர்களும் கேட்கிறார்கள். பனியையே காணாத ஒருவருக்கும் விளங்கும்படி அடியிலிருந்து சொல்கிறேன்.

ரிசோர்ட் என்றால் சறுக்குவதற்கென்றே அமைத்த மலை. கம்பிவடத்தில் ஓடும் லிப்ட் உங்களை மேலே கொண்டுபோய் விடும். பாதையை இரவிலேயே இயந்திரம் ஓட்டிச் சமப்படுத்தி வைத்திருப்பார்கள். நீங்கள் செய்வது சறுக்கி இறங்குவது மட்டும். டூரிங் என்பது வேறு. லிப்ட் இல்லை, செப்பனிட்ட பாதை இல்லை. ஸ்கீயின் அடியில் ஒரு மயிர்ப்பட்டியை ஒட்டிக்கொண்டு நடந்து ஏறவேண்டும். அதை ஸ்கின் என்பார்கள். பழைய காலத்தில் உண்மையிலேயே கடல்நாய்த் தோல்தான் கட்டினார்கள். இப்போது மொஹேர் எனப்படும் ஆட்டு மயிரிலோ நைலோனிலோ அல்லது இரண்டும் கலந்தோ செய்கிறார்கள். மயிர் பின்பக்கமாகப் படிந்திருப்பதால் ஸ்கீ முன்னே வழுக்கும், பின்னே வழுக்காது. பூனையின் முதுகைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் ஒருவிதம், வாலிலிருந்து தலைக்குத் தடவினால் இன்னொருவிதம் அல்லவா, அதுதான் இங்கேயும் நடக்கிறது. உச்சியை அடைந்ததும் பட்டியை உரித்து மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுச் சறுக்கி இறங்கலாம்.

நடப்பதற்குக் குதிகால் எழும்ப வேண்டும். சறுக்குவதற்குக் குதிகால் ஸ்கீயோடு பூட்டப்பட்டிருக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒரே கருவி செய்யவேண்டும் என்பதுதான் முழுப் பிரச்சினையும்.

சிவனொளிபாதமலைக்கு நல்லதண்ணிப் பக்கமாக ஏறியவர்களுக்கு இதை விளக்குவது சுகம். அந்த ஏற்றம் ஏறக்குறைய 1,000 மீற்றர். ஒரு நாள் டூரிங்கின் சாதாரண அளவும் அதுதான். இரவு ஒரு மணிக்கு அந்தப் படிகளில் நிற்கும்போது, தோளில் கிடக்கும் தண்ணீர்ப் போத்தலைவிடக் காலில் கிடக்கும் கனத்த சப்பாத்துத்தான் முதலில் ஆளை வருத்தும். பனியில் நாங்கள் நேரே ஏறுவதில்லை, வளைந்து வளைந்து ஏறுகிறோம். ஐந்து மீற்றர் நடந்தால் ஒரு மீற்றர் உயரம் என்று வைத்தால் 1,000 மீற்றருக்கு ஐந்து கிலோமீற்றர் நடை. அடிக்கு அறுபது சென்ரிமீற்றர் என்றால் ஒவ்வொரு காலும் நாலாயிரம் தடவைக்கு மேல் ஸ்கீயை, பைண்டிங்கை, சப்பாத்தை இழுத்து முன்னே வைக்கிறது. காலில் அரைக் கிலோ கூடினால் நாலாயிரம் தடவை அரைக் கிலோ.

அப்படியென்றால் ஆகக் குறைந்த நிறையுள்ளதை வாங்கலாமே என்று மருமகன் உடனே சொன்னான். எல்லோரும் சொல்வதுதான். ஏறும்போது பாரமாக இருக்கும் அதே கிராம்தான் இறங்கும்போது உங்களைத் தாங்குகிறது. பிற்பகல் இரண்டு மணிக்கு ரிசோர்ட்டின் பாதையைப் பாருங்கள். காலையில் சமமாக இருந்த பனி ஆயிரம் பேர் போனதில் குவியலும் குழியுமாகக் கிடக்கும், நிழல் பக்கம் கண்ணாடிபோல உறைந்திருக்கும். கனமான ஸ்கீ அந்தக் குவியலை வெட்டிக்கொண்டு போகும். மெல்லியது ஒவ்வொரு குவியலிலும் முட்டித் திசைமாறும், உறைபனியில் அதிரும், அந்த அதிர்வு முழுக்க முழங்காலில் வந்து சேரும்.

இரண்டு பக்கமும் நான் பட்டிருக்கிறேன். முதல் குளிர்காலத்தில் பழைய சாமான் சந்தையில் மலிவாகக் கிடைத்த கனத்த சோடியோடு மலையேறப் போனேன். மற்றவர்கள் உச்சியில் தேநீர் குடித்து முடிக்கும்போதும் நான் பாதிவழியில் நின்றேன். இறங்கத் தொடங்கும்போது வெயிலில் பனி இளகிவிட்டது, அந்த நேரத்தில் அந்தச் சரிவில் நின்றிருக்கவே கூடாது. அடுத்த வருடம் மறுபக்கம் பாய்ந்து மிகவும் மெல்லிய சோடி வாங்கினேன். பெப்ரவரியில் ஒரு கிழமை முழுக்க ரிசோர்ட்டில் அதைப் போட்டு ஓடினேன். நாலாம் நாள் உறைந்த பாதையில் ஸ்கீ அதிர்ந்து கழன்றது, வலது முழங்கால் முறுகிப்போனது. இன்றைக்கும் மழைக்காலத்தில் அந்த முழங்கால் நினைவூட்டும். பட்டறையில் பிறகு நான் பூட்டிக்கொடுத்த ஒவ்வொரு சோடியிலும் அந்த இரண்டு வருடமும் இருந்தது.

இனிப் பைண்டிங்குக்கு வருவோம், விஷயம் உண்மையில் இங்கேதான் இருக்கிறது. ஸ்கீயைக் கொஞ்சம் தப்பாகத் தெரிவுசெய்தாலும் சமாளிக்கலாம். பைண்டிங் தெரிவு பிழையானால் சமாளிக்க முடியாது.

டூரிங் பைண்டிங்கில் மூன்று வகை, ஒவ்வொன்றாகப் பிறகு சொல்கிறேன். முதலில் நிறை, அதை விளக்க நம்முடைய அளவையே எடுத்தேன். ஓர் இறாத்தல் பாண் 450 கிராம். பிரேம் பைண்டிங் ஒன்று, ஒரு காலுக்கு மட்டும், கிட்டத்தட்ட மூன்று இறாத்தல் பாண். ஹைபிரிட் என்று சொல்லும் கலப்புவகை இரண்டு இறாத்தல் பாண். டெக் பைண்டிங், கழன்ற ஸ்கீ ஓடிவிடாமல் பனியில் ஊன்றி நிறுத்தும் பிரேக்கோடு சேர்த்து, ஒரு பாணுக்குச் சற்றுக் கூடக் குறைய. பந்தயத்தில் ஓடுகிறவர்களின் டெக் பைண்டிங் கால் இறாத்தல்தான் வரும், அது நமக்கு வேண்டாத கதை.

பிரேம் பைண்டிங் விளங்குவதற்கு எளியது. சாதாரண ரிசோர்ட் பைண்டிங்கை ஒரு தண்டவாளத்தில் ஏற்றி, முன்னால் ஒரு கீல் வைத்திருக்கிறார்கள். நடக்கும்போது தண்டவாளம் முழுதும் குதிகாலோடு எழும்பும். இறங்கும்போது பூட்டினால் ரிசோர்ட் பைண்டிங்தான். மார்க்கர் நிறுவனத்தின் டியூக் 2007இல் வந்தபோது பெரிய வாசல் ஒன்று திறந்தது, கனமாகச் சறுக்குகிறவர்களும் மலையேறத் தொடங்கினார்கள். ஆனால் நாலாயிரம் தடவையும் அந்த மூன்று பாணையும் குதிகால்தான் தூக்கவேண்டும். இன்று புதிதாக ஒருவர் இதை வாங்க நான் சொல்லமாட்டேன். பழையது சும்மா கிடைத்தால், டூரிங் பிடிக்குமா என்று பார்க்க ஒரு பருவம் பாவிக்கலாம்.

டெக் பைண்டிங்கை மருமகனுக்குக் கையில் கொடுத்தேன். பட்டறையை விட்டு வரும்போது முறிந்துபோன ஒரு ஸ்கீயின் நடுத்துண்டை முழங்கை நீளத்துக்கு வெட்டி, பைண்டிங் பூட்டியபடியே கொண்டுவந்திருந்தேன். முன்பக்கம் இரண்டு சிறிய தாடைகள். ஒவ்வொன்றிலும் சோளமணி அளவில் ஓர் உருக்கு முளை உள்நோக்கி நிற்கும். நடுவிலுள்ள தட்டைச் சப்பாத்தின் மூக்கால் அழுத்தினால் தாடைகள் டக்கென்று மூடி, முளைகள் சப்பாத்தின் இரண்டு பக்கமும் பதித்த உலோகக் குழிகளுக்குள் போய் உட்காரும். அந்த இரண்டு புள்ளியில்தான் முழுக் காலும் சுழல்கிறது. நடக்கும்போது எழும்புவது சப்பாத்தின் குதி மட்டும், பைண்டிங் ஸ்கீயிலேயே கிடக்கும். இந்த யோசனையை 1980களில் கண்டுபிடித்தவர் ஒஸ்திரியரான பிரிட்ஸ் பார்தெல். டைனாஃபிட் நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. எத்தனையோ மாதிரிகள் வந்த பின்னும் அந்த இரண்டு முளையை வென்ற ஒன்று இன்னும் வரவில்லை.

குறை எங்கே? விழும்போது சப்பாத்தைக் கழற்றிவிடும் வேலையில். ரிசோர்ட் பைண்டிங் ஒரு சிறு உதைப்பை விழுங்கிக்கொண்டு காலை மறுபடி நடுவுக்குக் கொண்டுவரும். உதைப்பு எல்லை மீறினால்தான் கழற்றும். பாதுகாப்பு என்பது அந்த நெகிழ்வுதான். பழைய வகை டெக் பைண்டிங்குகளில் நெகிழ்வு குறைவு. பக்கவாட்டுக் கழற்றல் பெரும்பாலானவற்றில் முன்னால் அல்ல, பின்னால் குதித்துண்டு திரும்புவதால் நடக்கிறது. மென்மையான தூள்பனியில் இது போதும். உறைந்த பாதையில் வேகமாக ஓடும்போது ஒன்றில் தேவையில்லாத நேரம் கழரும், அல்லது தேவையான நேரம் கழராது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஏறும்போது முன்பக்க நெம்புகோலை மேலே இழுத்துப் பூட்டுவார்கள், இல்லாவிட்டால் நடையில் ஸ்கீ கழன்றுவிடும். பூட்டிய நிலையில் அது கழராது. பனிச்சரிவு வந்தாலும் ஸ்கீ காலை விடாது, நங்கூரம்போல ஆளைக் கீழே இழுக்கும். இறங்கும் முன் நெம்புகோலைச் சறுக்கு நிலைக்குக் கொண்டுவந்தோமா என்று ஒவ்வொரு தடவையும் கையால் தொட்டுப் பார்க்கவேண்டும்.

மூன்றாவது, கலப்புவகை. சலமோன் நிறுவனம் 2018இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஷிப்ட் இதற்கு நல்ல உதாரணம். ஏறும்போது இரண்டு முளையில் டெக் பைண்டிங்போல நடக்கும். உச்சியில் ஸ்கீயைக் கழற்றி, முன்துண்டின் நெம்புகோலை மாற்றி, மறுபடி மிதித்தால் முளைகள் மறைந்து முன்னும் பின்னும் ரிசோர்ட் பைண்டிங்காக மாறிவிடும், அதே நெகிழ்வோடு. மார்க்கரின் டியூக் பீ.ரீ. வேறு வழியால் அதே இடத்துக்கு வருகிறது. அதன் முன்துண்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டே ஏறலாம். மார்க்கர் கிங்பின், பிரிட்சி டெக்டன் போன்றவை நடுவழி: முன்னால் முளை, பின்னால் ரிசோர்ட் பைண்டிங்கைப்போலக் குதியை அமுக்கிப் பிடிக்கும் துண்டு. கலப்புவகையின் விலை, நிறை மட்டுமல்ல. அசையும் பாகங்கள் கூட. பனி இடுக்கில் இறுகினால் கையுறையோடு சுரண்டவேண்டும். சப்பாத்தின் அடித்தள உயரத்துக்கு ஏற்ப முன்துண்டைச் சரியாகத் திருகி வைக்காவிட்டால் தேவையில்லாமல் கழரும். பட்டறைக்குத் திரும்பி வந்த முறைப்பாடுகளில் பெரும்பகுதி இந்தத் திருகால்தான். பைண்டிங்கைக் குறை சொல்ல ஒன்றும் இருக்காது.

எவ்வளவு விசை வந்தால் பைண்டிங் கழரவேண்டும் என்பதைக் குறிக்கும் கழற்றல் எண்ணை டின் எண் என்பார்கள். பைண்டிங்கின் சிறு கண்ணாடி ஜன்னலில் தெரியும் இலக்கம் அது. உங்கள் நிறை, உயரம், வயது, சப்பாத்து அடியின் நீளம், எவ்வளவு வேகமாகச் சறுக்குகிறீர்கள் என்பதை வைத்து அட்டவணையில் பார்க்கிறார்கள். 50 வயதைத் தாண்டினால் எண்ணைக் குறைப்பார்கள். எழுபது கிலோ உள்ள நடுத்தரச் சறுக்காளருக்குப் பெரும்பாலும் 5க்கும் 8க்கும் இடையில் வரும். ஆகவே 13 வரை போகும் பைண்டிங்தான் உறுதியானது என்று யாரும் விற்க விடாதீர்கள். உங்கள் எண் அந்தப் பைண்டிங்கின் அளவுகோலில் நடுவில் விழவேண்டும், அவ்வளவுதான். நிறையைக் குறைத்துச் சொல்லவும் வேண்டாம், திறமையைக் கூட்டிச் சொல்லவும் வேண்டாம். இந்த இரண்டு கூச்சத்தாலும் முறிந்த கால்களை நான் கண்டிருக்கிறேன்.

பைண்டிங்குக்கும் முன்னால் சப்பாத்து. கையில் உள்ள காசில் முதல் பங்கு அதற்குத்தான் போகவேண்டும். டெக் அல்லது கலப்புவகை என்றால் மூக்கின் இரண்டு பக்கமும் அந்த உலோகக் குழிகள் கட்டாயம் இருக்கவேண்டும், சாதாரண ரிசோர்ட் சப்பாத்தில் அவை இருக்காது. நடை நெம்புகோலைத் திறந்தால் கணுக்கால் நன்றாக முன்னும் பின்னும் ஆடவேண்டும். 50 பாகையாவது ஆடினால் நல்லது. பூட்டினால் இறுக நிற்கவேண்டும். அளவு நாம் வீதியில் வாங்கும் எட்டு, ஒன்பது அல்ல, பாதத்தின் நீளம் சென்ரிமீற்றரில். கடையில் இருபது நிமிடமாவது போட்டு நில்லுங்கள். முதல் ஐந்து நிமிடம் எல்லாச் சப்பாத்தும் நல்ல சப்பாத்துத்தான்.

இப்போதுதான் ஸ்கீ. நான்கு விஷயம் பார்க்கவேண்டும், எல்லாவற்றுக்கும் ஒரே கனம் இல்லை.

முதலில் நிறை. முழு ரிசோர்ட் ஸ்கீ ஒன்று 2 கிலோவைச் சுற்றி இருக்கும், உள்ளே டைட்டானல் என்ற அலுமினியக் கலப்புத் தகடு இருந்தால் இன்னும் கூடும். முழு டூரிங் ஸ்கீ 1,200 முதல் 1,400 கிராம். அதன் உள்மரம் பால்சா, பவுலோனியாபோல இலேசானது, மேலே கார்பன். இரண்டு வேலைக்கும் ஒரு சோடி என்றால் ஒற்றை ஸ்கீ 1,600 முதல் 1,800 கிராம் வரையுள்ளதைத் தேடுங்கள். என் அனுபவத்தில் 1,500க்குக் கீழே போனால் ரிசோர்ட் பிற்பகலில் வருந்துவீர்கள். 1,900க்கு மேலே போனால் மூன்றாவது டூரோடு ஸ்கின்னைத் தூக்கி அலுமாரியில் வைத்துவிடுவீர்கள்.

அடுத்தது இடுப்பு, அதாவது சப்பாத்தின் கீழே ஸ்கீயின் அகலம். ஒடுங்கியது உறைபனியில் விளிம்பைச் சட்டென்று பிடிக்கும். அகலமானது தூள்பனியில் மிதக்கும். கடலில் தெப்பமும் வள்ளமும்போல. 85 மில்லிமீற்றர் என்றால் பாதைக்கும் வசந்தகாலத்து இறுகிய பனிக்கும் நல்லது. 110 என்றால் ஜப்பானின் நிசேகோபோல ஆழமாகத் தூள் விழும் இடத்துக்கு. ஆல்ப்ஸில் ஒரே சோடியோடு இருக்கிறவருக்கு 95 முதல் 102 வரை. அகலம் கூடினால் ஸ்கின்னும் அகலும், அதன் நிறையும் கூடும், இதை ஒருவரும் கணக்கில் எடுப்பதில்லை.

நீளம், தரையில் நிமிர்த்தி வைத்தால் நாடிக்கும் நெற்றிக்கும் இடையில். தொடங்குகிறவருக்கு நாடிப் பக்கம். ஏற்றத்தின் வளைவில் ஸ்கீயைத் தூக்கித் திருப்பும்போது நீளக் குறைவு பெரிய உதவி. வடிவத்தில், மூக்கு மெல்ல மேலெழும்பி இருக்கட்டும், அது தூள்பனியில் புதையாமல் காக்கும். நடுவில் சிறு வில் வளைவு இருக்கட்டும், அது ஏறும்போது ஸ்கின்னைப் பனியில் அழுத்தும், பாதையில் விளிம்பைப் பிடிக்கவைக்கும். மேலட்டையின் நிறத்தைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, அவனவன் விருப்பம்.

சப்பாத்து, பைண்டிங், ஸ்கீ மூன்றும் ஒன்றையொன்று பார்த்து இருக்கவேண்டும். இரண்டு கிலோ ஸ்கீயில் கால் இறாத்தல் பைண்டிங் பூட்டுவதும், 1,300 கிராம் ஸ்கீயில் மூன்று பாண் பைண்டிங் பூட்டுவதும் ஒரே தவறு. கனத்த ஸ்கீயைத் திருப்ப மெல்லிய சப்பாத்தால் முடியாது.

பிறகு மருமகனிடம் ஒரு தாளைக் கொடுத்தேன். போன குளிர்காலத்தில் எத்தனை நாள் பனியில் நின்றாய், அதில் எத்தனை நாள் லிப்ட், எத்தனை நாள் நடை என்று எழுதச் சொன்னேன். வரப்போகும் வருடத்துக் கனவை எழுதவேண்டாம், நடந்ததை எழுது என்றேன். பதினாறு நாள் என்று எழுதினான். பன்னிரண்டு லிப்ட், நாலு நடை. அப்படியானால் கலப்புவகைப் பைண்டிங், 98 மில்லிமீற்றர் அளவில் 1,750 கிராம் ஸ்கீ. பாதிக்குப் பாதி என்றாலும் கலப்புவகைதான் என் தெரிவு, ஸ்கீயை மட்டும் நூறு கிராம் குறைப்பேன். நடை நாட்கள் முக்கால் பங்கைத் தாண்டினால் பிரேக்கோடு கூடிய நல்ல டெக் பைண்டிங், 1,500 கிராம் ஸ்கீ. அந்தச் சோடியோடு ரிசோர்ட்டுக்குப் போகும் நாட்களில் காலை நேரத்தோடு நிறுத்திக்கொள்ளவேண்டும்.

வருடத்துக்கு ஒரே ஒரு கிழமை குல்மார்க் போகிறவர் வாங்கவே வேண்டாம், வாடகைக்கு எடுங்கள். அங்கே கொண்டோலா என்னும் கம்பிவடக் கூண்டு அப்பர்வத் மலையில் 3,900 மீற்றருக்கு மேல் கொண்டுபோய் விடும். கொழும்பு கடல்மட்டத்திலிருந்து போகிறவருக்கு அங்கே சும்மா நடந்தாலே மூச்சு வாங்கும். பீதுருதாலகாலை 2,524 மீற்றர்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, முதல் இரண்டு நாள் கீழேயே சறுக்குங்கள்.

செலவுக் கணக்கில் இன்னொரு வரி இருக்கிறது. பனிச்சரிவில் புதைந்தவரை அலையால் தேட உதவும், 457 கிலோஹேர்ட்சில் வேலைசெய்யும் கருவி, மண்வெட்டி, பனியைக் குத்தித் தேடும் கம்பி. இவை மூன்றும் இல்லாமல் பாதுகாத்த எல்லையைத் தாண்டக்கூடாது. காசு போதாவிட்டால் ஸ்கீயைப் பழையதாக வாங்குங்கள், இவற்றில் மிச்சம்பிடிக்காதீர்கள். புதைந்தவரைக் காப்பாற்றும் வாய்ப்பு முதல் பத்துப் பதினைந்து நிமிடத்தோடு வேகமாகச் சரிகிறது. மீட்பு ஹெலி அதற்குள் வராது, பக்கத்தில் நிற்கும் நண்பன்தான் தோண்டவேண்டும். அந்த நண்பனுக்கு இந்தக் கருவிகளைப் பாவிக்கத் தெரிந்திருக்கவும் வேண்டும், ஒரு நாள் பயிற்சி வகுப்புக்காவது இருவரும் சேர்ந்து போங்கள். டாவோஸில் உள்ள பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் தினமும் மாலை ஐந்து மணிக்கு அடுத்த நாளின் ஆபத்து நிலையை ஒன்று முதல் ஐந்து வரை அறிவிக்கும். அதைப் பார்க்காமல் சப்பாத்துப் பூட்டவேண்டாம் என்று தங்கை முன்னிலையில் அவனிடம் சத்தியம் வாங்கினேன்.

கடைசியாக, பூட்டும் வேலை. பைண்டிங்குக்கு ஸ்கீயில் ஒன்பது மில்லிமீற்றர் ஆழத்துக்குத்தான் துளையிடுவார்கள். அதற்கு மேல் போனால் அடித்தட்டு பொத்துவிடும். ஒரே ஸ்கீயில் திரும்பத் திரும்பத் துளைத்தால் மரம் பிடிப்பை இழக்கும். ஆகவே இந்த வேலைக்கு அனுபவமுள்ள கடை வேண்டும், உங்கள் சப்பாத்தையும் கையோடு கொண்டுபோகவேண்டும். பிரேக்கின் அகலம் ஸ்கீயின் இடுப்பைவிட ஒரு பத்து மில்லிமீற்றர் கூட இருந்தால் போதும். மிக அகன்றால் வளையும்போது பனியில் இழுபடும்.

அன்று மாலை மருமகன் என் பழைய சப்பாத்தைப் போட்டுப் பார்த்தான். 27.5, அவனுக்கும் அதே அளவு. ஸ்கீத் துண்டை மொசைக் தரையில் வைத்து, என் தடித்த கையுறைகளை மாட்டிக்கொண்டு, முளைகளுக்குள் மூக்கை வைத்து மிதிக்கப் பழகினான். முதல் ஆறு தடவை ஒரு பக்க முளை மட்டும் குழிக்குள் போனது, மற்றது வெளியே நின்றது. "கீழை பாக்காதை, சத்தத்தைக் கேள்" என்றேன். மின்விசிறியை நிறுத்திவிட்டு மறுபடி மிதித்தான். ஏழாவது தடவை இரண்டு பக்கமும் ஒரே டக்.